பிக்கப்பை மாத்தினா பளிச்சுன்னு ஆயிடுமா?

எலக்ட்ரிக் கிடார் உலகத்தில் எல்லா வியாதிக்கும் ஒரே மருந்துதான். சத்தம் மந்தமா இருக்கா? போர்வைக்குள்ள இருந்து வர்ற மாதிரி இருக்கா? பிக்கப்பை மாத்து. கேட்டவனும் மாத்துவான். மாத்தின அன்றைக்கு சத்தம் நிஜமாகவே பளிச்சென்று இருக்கும். மறுநாள் அவன் அடுத்தவனுக்கு அதே மருந்தை எழுதிக் கொடுப்பான். ஐம்பது வருஷமாக இந்த வியாபாரம் இப்படித்தான் ஓடிக்கொண்டிருக்கிறது.

பளிச்சென்று ஆகவில்லை என்று யாரும் சொல்லவில்லை. ஆகிறது. அந்தப் புண்ணியம் யார் கணக்கில் சேர வேண்டும் என்பதுதான் கேள்வி.

விவரம் தெரியாதவர்களுக்கு ஒரு சின்ன விளக்கம். பிக்கப் என்பது ஸ்ட்ரிங்குகளுக்குக் கீழே, கிடாரின் உடம்பில் பதித்திருக்கும் சின்னப் பெட்டி. உள்ளே காந்தம். அதைச் சுற்றித் தலைமுடி கனத்தில் செம்புக் கம்பி, ஆயிரக்கணக்கான சுற்றுகள். மேலே ஸ்ட்ரிங் அதிர்ந்தால் காந்தப்புலம் ஆடும், சுருளில் மின்சாரம் பிறக்கும். பிளஸ் டூ இயற்பியலில் வரும் அதே ஃபாரடே சமாச்சாரம்தான், மந்திரம் ஒன்றும் இல்லை. ஒரே சுருள் என்றால் சிங்கிள் காயில். இரைச்சலை அடிக்க இரண்டு சுருளைச் சேர்த்துப் போட்டால் ஹம்பக்கர்.

இப்போது பிக்கப் மாற்றுகிறவர் என்னென்ன செய்கிறார் என்று வரிசையாகப் பாருங்கள். முதலில் பழைய ஸ்ட்ரிங்கைக் கழற்றுகிறார், வேலை முடிந்ததும் புதுசு போடுகிறார். உள்ளே தளர்ந்துபோன சால்டரிங்கைப் புதுசாக வைக்கிறார். "திறந்ததே திறந்தாச்சு" என்று பழைய வால்யூம், டோன் திருகிகளையும் மாற்றிவிடுகிறார். புது பிக்கப்பை வைக்கும்போது அதன் உயரத்தையும் திருகி சரிசெய்கிறார். ஆக மாறியது ஐந்து விஷயம். பாராட்டுப் பத்திரம் மட்டும் ஒன்றுக்கு!

ஒரு கடையில் ஐந்து சரக்கு விற்று வந்த பணத்தை ஒரே சரக்கின் பேரில் வரவு வைத்தால் முதல் வருஷ பி.காம். பையனே சிரிப்பான். கிடார்காரர்கள் அந்தக் கணக்கைத்தான் தலைமுறை தலைமுறையாக எழுதி வருகிறார்கள்.

அதில் ஸ்ட்ரிங் ஒன்றே பாதி வேலையைச் செய்துவிடும். விரல் வியர்வையும் அழுக்கும் தடித்த ஸ்ட்ரிங்குகளின் சுற்றுக்குள் புகுந்து உயர்ந்த ஒலிகளை அமுக்கிவிடும். கடலோர ஊரின் ஈரக்காற்றில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். மூன்று மாதமாக மாற்றாத ஸ்ட்ரிங்கை வைத்துக்கொண்டு காந்தத்தைத் திட்டுவது, கண்ணாடியைத் துடைக்காமல் கண் ஆபரேஷனுக்குப் போகிற கதை.

அடுத்து, யாரும் சந்தேகப்படாத ஆள்: கேபிள். பிக்கப் தனியாகப் பாடுவதில்லை. அதன் சுருளுக்கு ஒரு மின்தூண்டல் எண் உண்டு. கேபிளுக்கு மின்தேக்குத் திறன் உண்டு, மீட்டருக்குச் சுமார் 100 பைக்கோ ஃபாரட். இரண்டும் சேர்ந்து ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணில் ஒத்ததிரும். அங்கே சத்தம் தூக்கலாக இருக்கும், அதற்கு மேலே சரசரவென்று சரிந்துவிடும். காதுக்குப் பளிச்சென்று படுவதும் மந்தமாகப் படுவதும் பெரும்பாலும் அந்த உச்சி எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

உத்தேசமாக ஒரு கணக்கு. ஸ்ட்ராட்டோகாஸ்டர் வகை சிங்கிள் காயிலுக்குச் சுமார் 2.4 ஹென்றி. 6 மீட்டர் கேபிள் 600 பைக்கோ ஃபாரட், சுருளின் சொந்தப் பங்கு ஒரு 100. உச்சி வருவது 3,900 ஹெர்ட்ஸ் பக்கத்தில். பழைய பாணி ஹம்பக்கருக்கு 4.4 ஹென்றி என்று வைத்தால் அதே கேபிளில் உச்சி 2,900 ஹெர்ட்ஸில் நிற்கும். "பாத்தியா, ஹம்பக்கர் மந்தம்தான்" என்று துள்ள வேண்டாம். அந்த ஹம்பக்கரில் 6 மீட்டர் கேபிளைக் கழற்றிவிட்டு 3 மீட்டர் போட்டால் உச்சி 3,800 ஹெர்ட்ஸுக்கு ஏறிவிடுகிறது. அதாவது நீளக் கேபிள் போட்ட ஸ்ட்ராட்டோகாஸ்டருக்குக் கிட்டத்தட்டச் சமம். சத்தம் அப்படியே ஸ்ட்ராட்டோகாஸ்டர் ஆகிவிடாது. ஆனால் போர்வை விலகிவிடும். செலவு ஒரு கேபிள்.

அறை பெரிசு, நீளக் கேபிள் கட்டாயம் வேண்டும் என்பவருக்கும் வழி இருக்கிறது. கிடாரிலிருந்து பஃபர் உள்ள பெடல் வரைக்கும் கேபிள் குட்டையாக இருந்தால் போதும், அதற்கு அப்பால் இருக்கும் நீளம் பிக்கப்பைப் பாதிக்காது. சாதாரணமாக எல்லோரிடமும் இருக்கிற பாஸ் பெடல் அணைத்து வைத்திருந்தாலும் இந்த வேலையைச் செய்யும்.

இதற்கு நேர் எதிர் உதாரணம் ஜிமி ஹென்றிக்ஸ். டெலிபோன் ஒயர் மாதிரி சுருண்ட நீளக் கேபிளைத்தான் அவர் பயன்படுத்தினார். அந்தக் கேபிள் உயர்ந்த ஒலிகளைத் தின்றுவிடும். அவர் சத்தத்தில் இருந்த மென்மைக்கு அதுவும் ஒரு காரணம். இன்று அவர் பேரில் பிக்கப் விற்கிறவர்கள் இருக்கிறார்கள், சுருள் கேபிளைப் பற்றிப் பேசுகிறவர்கள் ரொம்பக் குறைவு.

மூன்றாவது, திருகிகள். ஃபெண்டர் பாணி கிடார்களில் வழக்கமாக 250 கிலோ ஓம் திருகிகள் இருக்கும். வால்யூமும் டோனும் சேர்ந்து பிக்கப்பின் மேல் 125 கிலோ ஓம் சுமையாக உட்காரும். 500 கிலோ ஓம் போட்டால் சுமை பாதி, உச்சி இன்னும் கூர்மை. ஹம்பக்கர் கிடார்களில் 500 போடுவது இதற்காகத்தான். ஃபெண்டரே 1958-ல் ஜாஸ்மாஸ்டர் கிடாருக்கு 1 மெகா ஓம் திருகி போட்டது. கிப்சன் 1970களில் பல கிடார்களில் 300 கிலோ ஓம் திருகி போட்டு அனுப்பியது. அந்தக் கிடார் மந்தமாக இருக்கிறது என்று பிக்கப்பைப் பிடுங்கிப் போட்டால் அது யார் குற்றம்?

சரி, பெட்டியின் மேல் அச்சடித்த எண்ணை நம்பலாமா? "8 கிலோ ஓம்", "14 கிலோ ஓம்" என்று போட்டிருப்பார்கள். அது வெறும் மின்தடை. சுற்று அதிகமானாலும் கூடும், கம்பி மெலிந்தாலும் கூடும். ஆகவே கம்பியின் கனம் தெரியாமல் அந்த எண்ணை மட்டும் வைத்து இரண்டு பிக்கப்பை ஒப்பிடுவது, சம்பளத்தை எந்த நாட்டுப் பணம் என்று கேட்காமல் ஒப்பிடுகிற மாதிரி.

இன்னொரு ஜல்லி, "காற்றோட்டமான உயர் ஒலி". சந்தோஷம். ஆனால் செலஸ்டியன் நிறுவனம் தன் புகழ்பெற்ற கிரீன்பேக், விண்டேஜ் 30 ஸ்பீக்கர்களுக்குச் சொல்லும் எல்லையே 5,000 ஹெர்ட்ஸ்தான். அதற்கு மேலே வர்ணிக்கப்படும் சொர்க்கமெல்லாம் ஸ்பீக்கரைத் தாண்டி பெரிதாக வரப்போவதில்லை. அதிலும் 12 அங்குல ஸ்பீக்கரின் உயர் ஒலி நேர்கோட்டில் பாயும். தரையில் இருக்கும் ஆம்ப் முழங்காலுக்கு வாசிக்க, காது ஐந்தடி உயரத்தில் இருந்துகொண்டு மந்தம் என்று புலம்பும். ஆம்பைச் சாய்த்து வைக்கக் காசு வேண்டாம்.

இத்தனை இருந்தும் ஏன் பிக்கப்பே முதலில் ஞாபகம் வருகிறது? விற்பனை. மாற்று பிக்கப் தொழிலுக்கே பிள்ளையார் சுழி 1970களின் தொடக்கத்தில் வந்த டிமார்சியோவின் சூப்பர் டிஸ்டார்ஷன். அதன் நோக்கம் ஆம்பை அதிகமாகத் திணற வைப்பது, பளிச்சென்று ஆக்குவது அல்ல. இரண்டு சுருளும் க்ரீம் நிறத்தில் இருக்கும் தோற்றத்துக்கே அந்த நிறுவனம் அமெரிக்காவில் வணிகக்குறி வைத்திருக்கிறது. காதுக்கு விற்கும் பொருளில் கண்ணுக்கு என்ன வேலை? மார்க்கெட்டிங் பாடம் படிக்கிறவர்களுக்குப் பதில் தெரியும்.

இதைவிட வேடிக்கை கிப்சன் ஸ்டிக்கர். சேத் லவர் வடிவமைத்த ஹம்பக்கருக்கு 1955-ல் காப்புரிமை கேட்டார்கள், 1959-ல் கிடைத்தது. "காப்புரிமைக்கு விண்ணப்பிக்கப்பட்டுள்ளது" என்று ஸ்டிக்கர் ஒட்டிய அந்தக் காலத்து பிக்கப் இன்று ஒன்றே லட்ச ரூபாயைத் தாண்டுகிறது. ஸ்டிக்கர் ஒன்று, சுற்றுகளின் எண்ணிக்கையோ பிக்கப்புக்கு பிக்கப் வேறு. 1960களில் எண் போட்ட ஸ்டிக்கர் வந்தது. 2,737,842 என்ற அந்த எண் பிக்கப்பின் காப்புரிமையே அல்ல, லெஸ் பாலின் டெயில்பீஸுக்கு உரியது! அதைப் பார்த்தும் பக்தி குறையவில்லை.

"பெரிய கலைஞர்களும் மாத்தியிருக்காங்களே?" மாத்தியிருக்கிறார்கள். குவீன் குழுவின் பிரையன் மே, 1963-ல் அப்பாவோடு சேர்ந்து செய்யத் தொடங்கிய கிடாருக்கு முதலில் கையால் சுற்றிய பிக்கப்தான் வைத்தார். ஸ்ட்ரிங்கை வளைத்தால் சத்தம் பிசிறியது. அதனால் பர்ன்ஸ் ட்ரை-சோனிக் வாங்கிப் போட்டார். என்ன கோளாறு என்று தெரிந்து மாற்றினார். அவருடைய அந்த ஈட்டி மாதிரி பளிச்சுக்கு ஆறு பென்ஸ் நாணயமும் டிரெபிள் பூஸ்டரும் வாக்ஸ் ஏசி30 ஆம்பும் பங்காளிகள்.

ஆக, மாற்றவே கூடாது என்பதல்ல. சுருள் அறுந்திருந்தால் மாற்றலாம். விசில் அடித்தால் மாற்றலாம். சுற்று மிக அதிகமாகி மின்தூண்டல் எண் 8 ஹென்றிக்குப் போன பிக்கப்பாக இருந்தால், 3 மீட்டர் கேபிளிலும் உச்சி 2,800 ஹெர்ட்ஸைத் தாண்டாது. அப்போது மாற்றுவதுதான் நியாயம். ஆனால் அது கடைசி வரி, முதல் வரி அல்ல.

முதல் வரி, புது ஸ்ட்ரிங், சில நூறு ரூபாய். இரண்டாவது, ஸ்க்ரூடிரைவர்: கழுத்துப் பக்க பிக்கப்பின் தடித்த ஸ்ட்ரிங் முனையைக் கொஞ்சம் இறக்கிக் கேட்பது, இலவசம். மூன்றாவது ஆம்பில் பேஸைக் குறைப்பது, அதுவும் இலவசம். நான்காவது குட்டைக் கேபிள். ஐந்தாவது திருகி. ஒவ்வொன்றையும் தனித்தனியாக மாற்றி, தனித்தனியாகக் கேட்க வேண்டும். ஒன்றாக மாற்றினால் எது வேலை செய்தது என்று கடைசி வரை தெரியாது.

பேர் பெற்ற பிக்கப் ஜோடி பத்தாயிரம் ரூபாயைச் சாதாரணமாகத் தாண்டும். பாக்கெட் மணியில் முதல் கிடார் வாங்கிய மாணவனுக்கு அது கிடாரின் விலையே. அதைக் கொட்டியும் சத்தம் பிடிக்கவில்லை என்றால், அவன் குறை சொல்வது பிக்கப்பை அல்ல, தன் கையை. அப்படி மூலையில் சாத்தி வைக்கப்படும் கிடாருக்குக் கம்பெனி பணம் திருப்பித் தராது. "பிக்கப்பை மாத்து" என்று ஈஸியாகச் சொல்கிறவர்கள் இனிமேல் அதற்கு முன்னால் ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும்: ஸ்ட்ரிங் மாத்தி எத்தனை நாள் ஆச்சு?