டென்ட் வாங்கப் போறீங்களா? முதலில் மொட்டைமாடியில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுங்கள்!

மே மாத விடுமுறை. கொடைக்கானல் பக்கம் ஒரு மேல்மலைக் கிராமம். அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள். ஆன்லைனில் வாங்கிய புத்தம் புது ஆரஞ்சு நிற டென்ட். தரை ஈரம் ஏறிவிடக் கூடாதென்று அப்பா ஒரு பெரிய தார்ப்பாயை விரித்து, அதன் நட்டநடுவில் டென்டைப் போடுகிறார். காற்றே இல்லையே என்று பக்கவாட்டுக் கயிறுகளைக் கட்டாமல் விட்டுவிடுகிறார். மாலையில் எடுத்த போட்டோவுக்குக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் ஏகப்பட்ட ஹார்ட்டுகள்.

இரவு இரண்டு மணி. இடியோடு கோடை மழை. பத்து நிமிடம்கூட ஆகவில்லை. “அம்மா, முதுகெல்லாம் ஈரம்” என்று சின்னவள் எழுந்து உட்காருகிறாள். விடியும்வரை நாலு பேரும் காருக்குள் ஒடுங்கிக் கிடக்கிறார்கள். “இனிமே கேம்பிங்னு யாரும் வாயைத் திறக்கக் கூடாது” என்ற அம்மாவின் தீர்ப்போடு, ஊர் திரும்பியதும் டென்ட் பரணுக்குப் போய்விடுகிறது.

கற்பனைக் குடும்பம்தான். ஆனால், முதன்முதலாக டென்ட் வாங்கும் பலருக்கும் ஏறக்குறைய இதே அனுபவம்தான். மாலை ஐந்து மணிக்கு அழகாக நிற்பது பெரிய விஷயமில்லை. இரவு இரண்டு மணிக்கு அது இரண்டு வேலைகளைச் செய்ய வேண்டும். மழையை உள்ளே விடக் கூடாது. உள்ளே இருப்பவர்களின் மூச்சுக்காற்றை வெளியே விட வேண்டும். விலை, நிறம், ஸ்டார் ரேட்டிங் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

‘நாலு பேர் டென்ட்’ நாலு பேருக்கா?

பெட்டியில் ‘4 பேர்’ என்று போட்டிருந்தால், நாலு பேர் தோளோடு தோள் உரசப் படுக்கலாம் என்று மட்டுமே அர்த்தம். ஆளுக்கு ஐம்பது, அறுபது சென்டிமீட்டர் அகலம்தான் கிடைக்கும். பைகள், செருப்பு, தண்ணீர் பாட்டிலுக்கெல்லாம் அதில் கணக்கில்லை. தூக்கத்தில் கைகால் வீசும் குழந்தைகளுக்கும் கணக்கில்லை.

எனவே, போட்டிருக்கும் எண்ணில் ஒன்றைக் கழித்துவிடுங்கள். மூன்று பேருக்கு ‘நாலு பேர்’ டென்ட். நாலு பேருக்கு ஐந்து அல்லது ஆறு பேர் டென்ட். நடுவில் எவ்வளவு உயரம் என்பதையும் பாருங்கள். முட்டி வலி உள்ள தாத்தா பாட்டி வருகிறார்கள் என்றால், குனிந்து தவழ்ந்து நுழையும் டென்ட் அவர்களுக்குத் தண்டனை.

தூக்கிப் போட்டாலே விரிந்துவிடும் பாப்-அப் டென்ட் பிள்ளைகளுக்குப் பிடிக்கும். ஆனால் மடித்தால் பெரிய வட்டத் தாம்பாளம் போல ஆகிவிடும். கார் டிக்கியில் வைக்கலாம். பஸ்ஸிலும் பைக்கிலும் எடுத்துப் போவது சிரமம்.

மழைக்கு ஒரு எண் உண்டு

‘வாட்டர் புரூஃப்’ என்ற வார்த்தையை எல்லா டென்டிலும் அச்சடித்திருப்பார்கள். அதை விட்டுவிட்டு, பக்கத்தில் ‘2000 மி.மீ.’, ‘3000 மி.மீ.’ என்று ஏதாவது எண் இருக்கிறதா என்று தேடுங்கள். துணியின் மேல் எவ்வளவு உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் அது கசிய ஆரம்பிக்கும் என்று சோதித்துச் சொல்லும் எண் அது.

நம் மலைகளின் மழைக்கு மேலுறையில் 2000 மி.மீ. இருந்தால் நிம்மதி. தரைத்துணிக்கு அதைவிடக் கூடுதலாக, 3000 அல்லது அதற்கு மேல் வேண்டும். நாம் முட்டி போடும்போதும் உட்காரும்போதும், கீழே இருக்கும் ஈரத்தை நம் எடையே துணி வழியாக மேலே தள்ளும் என்பதுதான் காரணம். இந்த எண்ணையே போடாத டென்டை மொட்டைமாடி விளையாட்டுக்கு வாங்கலாம். மலைக்கு வேண்டாம்.

துணி எவ்வளவு நல்லதாக இருந்தாலும், தையல் போட்ட இடமெல்லாம் ஊசி ஓட்டைதான். உள்பக்கம் திருப்பிப் பாருங்கள். தையல் மேல் மெல்லிய பிளாஸ்டிக் பட்டை ஒட்டியிருக்க வேண்டும். தரைத்துணி தரையோடு முடிந்துவிடாமல், தட்டின் விளிம்பு போலச் சுற்றிலும் சற்று மேலேறித் தைக்கப்பட்டிருக்க வேண்டும்.

உள்ளேயும் ஒரு மழை

காலையில் எழுந்து பார்த்தால் டென்டின் உள்சுவரெல்லாம் நீர்த்துளிகள். “ஒழுகுது, ஏமாத்திட்டாங்க” என்று பலரும் ஒரு ஸ்டார் ரிவ்யூ எழுதுவது இப்போதுதான். பெரும்பாலும் அது மழைத்தண்ணீர் இல்லை. தூங்கியவர்களின் மூச்சிலிருந்த ஈரம், குளிர்ந்த துணியில் பட்டுத் துளியாகியிருக்கிறது. குளிர்ந்த சொம்பின் வெளிப்பக்கம் வியர்ப்பது போலத்தான்.

இதற்குத் தீர்வு, இரண்டு அடுக்கு டென்ட். உள்ளே வலைத்துணி, அதற்கு மேலே ஓர் இடைவெளி விட்டு மழைத்துணி. ஈரம் வலையைத் தாண்டிப்போய் வெளித்துணியில் ஒட்டி, கீழே வழிந்துவிடும். இரண்டு துணியும் ஒன்றையொன்று தொடாமல் இருக்கத்தான் பக்கவாட்டுக் கயிறுகள். காற்று இல்லாவிட்டாலும் அவற்றை இழுத்துக் கட்டியே ஆக வேண்டும். மேலே உள்ள காற்றுத் துவாரங்களைக் குளிருக்குப் பயந்து மூடிவிடவும் கூடாது.

கம்பிகளில் இரண்டு வகை உண்டு. விலை குறைந்த டென்டுகளில் ஃபைபர்கிளாஸ் வரும். எடை அதிகம், உடைந்தால் சிம்பு சிம்பாகப் பிளந்து கையைக் கிழிக்கும். அலுமினியம் லேசு, பெரும்பாலும் வளையும், அதைச் சரிசெய்யவும் முடியும். காரில் போய்க் காருக்குப் பக்கத்திலேயே தங்குபவர்களுக்கு ஃபைபர்கிளாஸ் போதும். முதுகில் சுமந்து நடப்பவர்கள் அலுமினியத்துக்குக் காசு செலவழிக்கலாம்.

குளிர் கீழேயிருந்து வரும்

“கம்பளி இருக்கே, போதாதா?” என்று கேட்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். மேலே எவ்வளவு போர்த்தினாலும், உடம்புச் சூட்டைத் தரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். ஆகவே முதல் செலவு படுக்கைக்கு. மூடிய துளைகள் கொண்ட ஃபோம் மேட் மலிவு, பஞ்சராகாது. கடையில் ‘ஆர்-வேல்யூ’ என்று ஒரு எண் சொல்வார்கள். அது கூடக்கூட, தரையின் குளிர் குறைவாக ஏறும்.

ஸ்லீப்பிங் பேக்கில் ‘கம்ஃபர்ட்’, ‘லிமிட்’, ‘எக்ஸ்ட்ரீம்’ என்று மூன்று வெப்பநிலைகள் இருக்கும். விளம்பரத்தில் பெரிதாக இருப்பது பல நேரம் கடைசி எண். உயிர் பிழைக்கலாம், தூங்க முடியாது என்ற எல்லை அது. நீங்கள் பார்க்க வேண்டியது ‘கம்ஃபர்ட்’ எண்ணை. டிசம்பர், ஜனவரி இரவுகளில் கொடைக்கானல் 10 டிகிரிக்குக் கீழே போகும். ஊட்டியில் உறைபனியே விழும். அதற்கேற்ற எண்ணைத் தேர்ந்தெடுங்கள்.

மற்ற சாமான்கள் சுருக்கமாக: ஆளுக்கொரு ஹெட் லேம்ப் (செல்போன் டார்ச்சை நம்பினால் நள்ளிரவில் சார்ஜும் போகும், ஒரு கையும் போகும்), விசில், பவர் பேங்க், முதலுதவிப் பெட்டி, ஓ.ஆர்.எஸ். பொட்டலம். வால்பாறைப் பக்கம் மழைக்காலத்தில் என்றால் முழங்கால்வரை வரும் அட்டை சாக்ஸ்.

இது மட்டும் கூடவே கூடாது

டென்ட் நனைந்தால் ஓர் இரவுத் தூக்கம்தான் போகும். அடுத்த தவறுக்கு விலை உயிர். குளிருக்காக டென்டுக்குள் கரி அடுப்போ, கேஸ் அடுப்போ, கணப்போ வைப்பது.

2020 ஜனவரியில், நேபாளத்தின் தாமன் என்ற மலை ஊருக்குச் சுற்றுலா போன கேரளத்தைச் சேர்ந்த எட்டுப் பேர், விடுதி அறையில் கேஸ் ஹீட்டரை எரியவிட்டுத் தூங்கினார்கள். எட்டுப் பேருமே உயிரிழந்தார்கள். அதில் நாலு பேர் குழந்தைகள். அது அறை. டென்ட் அதைவிடச் சின்னது.

மூடிய இடத்தில் எரியும் நெருப்பிலிருந்து கார்பன் மோனாக்ஸைடு வரும். நிறமில்லை, வாசனையில்லை. ரத்தத்தில் ஆக்ஸிஜன் உட்கார வேண்டிய இடத்தை அது பிடித்துக்கொள்ளும். தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல், அசதி எல்லாம் வரும். “பயணக் களைப்பு” என்று நினைத்துத் தூங்கிவிடுவோம். அணைந்தது போலத் தெரியும் கரித்துண்டுகளும் இந்த வாயுவை விட்டுக்கொண்டேதான் இருக்கும். ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்தால் சரியாகிவிடும் என்ற சமாதானமும் வேண்டாம். சமையல் வெளியே. கணப்பு வெளியே, அதுவும் டென்டிலிருந்து பல அடி தள்ளி. குளிருக்கு இன்னொரு ஜோடி சாக்ஸ் போடுங்கள், குல்லா போடுங்கள்.

எந்த இடத்தில் போடுவது?

எவ்வளவு நல்ல டென்டும் தவறான இடத்தில் காப்பாற்றாது. ஆற்றங்கரை மணல் மெத்தென்று இருக்கும். ஆனால் உங்கள் தலைக்கு மேல் ஒரு துளிகூட விழாதபோதே, மலையுச்சியில் பெய்த மழை வெள்ளமாக வந்து இறங்கும். 2024 மே மாதம் பழைய குற்றால அருவியில் திடீர் வெள்ளம் ஒரு சிறுவனை அடித்துக்கொண்டு போனதை மறக்க முடியாது. ஓடை, பள்ளம், காய்ந்த கிளை தொங்கும் மரத்தடி மூன்றும் வேண்டாம்.

காட்டோரம் என்றால் இன்னும் எச்சரிக்கை. 2021 ஜனவரியில் வயநாடு மேப்பாடியில், தனியார் இடத்தில் டென்டில் தங்கியிருந்த பெண் ஒருவர் யானை தாக்கி இறந்தார். “நாங்க பாத்துக்கறோம் சார்” என்று ஏற்பாட்டாளர் சொல்வது போதாது. அனுமதி இருக்கிறதா, யானைத்தடம் அருகில் இருக்கிறதா என்று உள்ளூர்க்காரர்களிடமும் வனத்துறையிடமும் கேளுங்கள். பழம், தின்பண்டம், உப்பு எதையும் டென்டுக்குள் வைத்துத் தூங்காதீர்கள். வாசனை யானையையும் கரடியையும் கூப்பிடும்.

காப்புக்காட்டில் அனுமதியின்றி நுழைவதே குற்றம். 2018 மார்ச்சில் குரங்கணி காட்டுத்தீயில் மலையேறச் சென்ற 20-க்கும் மேற்பட்டவர்கள் உயிரிழந்த பிறகு விதிகள் கடுமையாகின. 2024-ல் தமிழக அரசு 40 மலையேற்றப் பாதைகளுக்கு ஆன்லைன் முன்பதிவைத் தொடங்கியது. வழிகாட்டியோடு போகலாம்.

மொட்டைமாடி ஒத்திகை

இப்போது அந்த ஒரு குடம் தண்ணீர். டென்ட் வந்த வாரமே மொட்டைமாடியில் விரித்துவிடுங்கள். சிமென்ட் தரையில் முளை அடிக்க முடியாது. கயிறுகளைச் செங்கல்லிலோ தண்ணீர் கேனிலோ கட்டுங்கள். முளை, கயிறு, கம்பி எண்ணிக்கை சரியா, ஜிப் துணியைக் கடிக்கிறதா என்று பாருங்கள். குறை தெரிந்தால் திருப்பி அனுப்ப இதுவே நேரம். நனைத்துவிட்டால் பல கடைகள் திரும்ப எடுக்காது.

அடுத்து, உள்ளே தரை முழுக்கப் பழைய நியூஸ் பேப்பரைப் பரப்பி, ஜிப்பை மூடிவிட்டு, ஹோஸ் பைப்பாலோ குடத்தாலோ கால் மணி நேரம் தண்ணீர் ஊற்றுங்கள். பேப்பரில் எங்கே ஈரம் பூத்திருக்கிறதோ அதற்கு நேர் மேலே உள்ள தையலில்தான் பெரும்பாலும் கோளாறு. அங்கே சீம் சீலர் பசை தடவினால் போதும்.

மூன்றாவது, விளக்கை அணைத்துவிட்டு ஹெட் லேம்ப் வெளிச்சத்தில் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டு ஒருமுறை கட்டுங்கள். மலையில் நீங்கள் இருட்டிய பிறகும் போய்ச் சேரலாம். பிறகு, எல்லோரும் ஓர் இரவு அதிலேயே தூங்குங்கள். மொட்டைமாடியில் பாய் விரித்துப் படுத்து வளர்ந்த ஊர்க்காரர்கள்தானே நாம்!

ஊர் திரும்பியதும் டென்டை ஈரத்தோடு மடித்து வைக்காதீர்கள். பூஞ்சை பிடிக்கும், தண்ணீர் தடுக்கும் பூச்சு பிசுபிசுத்து உரியும். நிழலில் முழுசாகக் காயவைத்து, தளர்வாக மடித்து வையுங்கள். வாஷிங் மெஷினில் போடவே வேண்டாம்.

சரி, அந்த ஆரஞ்சு டென்ட் ஏன் நனைந்தது? கொஞ்சம் கயிறு கட்டாத குற்றம். காற்றடித்ததும் வெளித்துணி உள்துணியில் ஒட்டிக்கொண்டது. மீதி முழுக்கத் தார்ப்பாயின் வேலை. டென்டைவிடப் பெரிதாக வெளியே நீட்டிக்கொண்டிருந்த தார்ப்பாய், மேலிருந்து வழிந்த மழையையெல்லாம் தாம்பாளம் போலப் பிடித்து, நேராகப் படுக்கைக்கு அடியில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டது. கீழே விரிப்பது டென்டின் தரையைவிட நாலு விரல் சின்னதாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

டென்டில் ஒரு குறையும் இல்லை. பரணிலிருந்து இறக்கலாம். அம்மாவைச் சம்மதிக்க வைப்பது மட்டும் உங்கள் சாமர்த்தியம்!