கொலைக்கதை படித்தால் குடி முழுகிப் போய்விடுமா?



கல்லூரிக்குப் போகும் பெண்ணின் கையிலிருந்து "கொலைக்கதை" என்று புத்தகத்தைப் பிடுங்குகிறீர்களே, சிலப்பதிகாரம் என்ன கதை? திருட்டுப் பழி, தீர விசாரிக்காத கொலை, சிலம்பின் பரல் முத்தா மாணிக்கமா என்ற தடயம். அதற்கு மட்டும் மதிப்பெண், இதற்குத் திட்டா?

அலெக்ஸ் மைக்கேலிடீஸின் 'தி சைலண்ட் பேஷண்ட்' (2019) நாவலில், கணவனைச் சுட்டுக் கொன்றதாகக் குற்றம்சாட்டப்பட்ட ஓவியர் பேச மறுக்கிறாள். தன்னையே வரைந்த படத்துக்கு 'அல்செஸ்டிஸ்' என்று பெயர் வைக்கிறாள். யூரிப்பிடீஸ் கி.மு. 438இல் அரங்கேற்றிய நாடகத்தின் நாயகி அவள். கணவனுக்குப் பதிலாகச் சாகிறாள். மீட்டு வரப்பட்ட பிறகும் வாய் திறக்கவில்லை.

ஏன் பேசவில்லை? அவளைச் சாகவிட்ட கணவன் எப்படிப்பட்டவன்? இப்படிக் கேட்கப் பழகிய பெண், "கணவனுக்காக உயிரைக் கொடுப்பவளே உத்தமி" என்ற நம் பேச்சையும் கேள்வி கேட்பாள். உங்கள் பயம் அதுதான் என்றால் வெளிப்படையாகச் சொல்லுங்கள். புத்தகத்தின்மேல் பழி போடாதீர்கள்.

அல்செஸ்டிஸ் மௌனமாக நின்றாள். கண்ணகி அரசவையில் வழக்குரைத்தாள். நம் ஆலத்தியூர்ப் பெண்கள் இருவரையும் படிக்கட்டும். பிடுங்காதீர்கள், "கதையில் யாரம்மா குற்றவாளி?" என்று பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்.