தாகத்துக்கு யார் பொறுப்பு?

திருவண்ணாமலை கிரிவலப் பாதையின் நீளம் 14 கி.மீ. மூன்று சுற்று வந்தால் ஏறத்தாழ ஒரு மாரத்தான். பௌர்ணமி இரவில் ரமணாசிரமத்தைக் கடந்து செங்கம் சாலையில் போகும் கூட்டத்தில் முதியவர்கள், குழந்தைகள், வெறுங்காலோடு நடப்பவர்கள் எல்லாரும் உண்டு. அவர்களை நடத்திச்செல்வது பக்தி மட்டுமல்ல: வெயில் தாழ்ந்திருக்கிறது, வழியில் தண்ணீர் கிடைக்கிறது, முடியாதவர் உட்கார்ந்துகொள்ளலாம். ஒலிம்பிக் மாரத்தானுக்கு இந்தப் பக்குவம் எளிதில் வரவில்லை.

1896இல் ஏதென்ஸில் தொடங்கிய இந்த ஓட்டம், 1904இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் கொடுமையாக மாறியது. பிற்பகல் வெயில், புழுதிச் சாலை. தாகம் உடலை என்ன செய்கிறது என்று பார்க்க விரும்பிய அமைப்பாளர்கள், குடிநீரை வேண்டுமென்றே குறைத்தார்கள். புறப்பட்ட 32 பேரில் 14 பேர்தான் முடித்தார்கள். வென்ற தாமஸ் ஹிக்ஸுக்கு வழியில் தண்ணீருக்குப் பதில் ஸ்ட்ரிக்னைன் என்ற நஞ்சையும் பிராந்தியையும் கொடுத்தார்கள். 1912இல் ஸ்டாக்ஹோம் வெயிலில் சுருண்டு விழுந்த போர்ச்சுகல் வீரர் பிரான்சிஸ்கோ லாசரோ மறுநாள் இறந்தார். தூரம் 42.195 கி.மீ. என்று 1921இல் முடிவானது. ஓடுபவரின் உயிருக்கு அமைப்பாளரே பொறுப்பு என்ற எண்ணம் வேரூன்ற அதற்குப் பின்னும் காலம் பிடித்தது.

‘நம்மவர்கள் செருப்பில்லாமலே ஓடியவர்கள், இதெல்லாம் எதற்கு?’ என்று கேட்பவர்கள் உண்டு. புனேயில் வெறுங்காலோடு ஓடிய விவசாயிகளைப் பார்த்து வியந்துதான் தோராப்ஜி டாடா, 1920இல் ஆன்ட்வெர்ப் ஒலிம்பிக்குக்கு இந்திய அணியை அனுப்ப முனைந்தார். அங்கே மாரத்தானில் பெல்காம் பக்கத்து பதேப்பா சௌகுலே 19ஆவதாக வந்தார். உடன் ஓடிய சதாசிவ் தாத்தாரால் முடிக்க முடியவில்லை. ஒரே நாடு, ஒரே சாலை, இரண்டு முடிவுகள். உடலின் உறுதியை மட்டும் நம்பி ஓட்டம் நடத்தக் கூடாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

இன்று தமிழ்நாட்டின் ஊர்களில் விழிப்புணர்வு ஓட்டங்கள் பெருகிவிட்டன. டி-சர்ட்டும் பதக்கமும் தருவது சுலபம். விடியும் முன் தொடங்குவது, சில கிலோமீட்டருக்கு ஒரு முறை தண்ணீர் வைப்பது, தள்ளாடுபவரை நிறுத்தும் அதிகாரத்தோடு மருத்துவரை அமர்த்துவது ஆகியவைதான் செலவும் உழைப்பும் கேட்பவை. இந்த மூன்றையும் எழுத்தில் காட்டாத எந்த ஓட்டத்துக்கும் மாவட்ட நிர்வாகம் அனுமதி தரக் கூடாது.