சுரங்கத்திலிருந்து குவாண்டம் வரை

நுழையும்முன்

இயற்பியல் என்றதும் சூத்திரங்களை எண்ணி அஞ்சும் மாணவர் பலர். தாம் வாழும் மண்ணிலேயே அவ்வறிவியலின் வளர்ச்சி படிப்படியாக விரிந்து கிடப்பதை அவர்கள் காண்பதில்லை. இயற்பியலை எங்கிருந்து தொடங்கிக் கற்க வேண்டும் என்பது குறித்துத் தமிழாசிரியர் ஒருவர் முன்வைக்கும் கருத்து இப்பாடம்.

கடலூரிலிருந்து விருத்தாசலம் செல்லும் சாலையில் முந்திரித் தோப்புகள் சூழ அமைந்த ஊர் குள்ளஞ்சாவடி. அதன் மேற்கே நெய்வேலிப் பழுப்பு நிலக்கரிச் சுரங்கங்கள் உள்ளன. இப்பகுதியில் நான் தமிழ் கற்பித்த நாள்களில், பதினொன்றாம் வகுப்பு மாணவர் ஒருவர் என்னிடம் ஒரு வினா எழுப்பினார்.

“ஐயா, தலையில் சுமையோடு சமதளத்தில் நடப்பவர் அச்சுமையின்மீது செய்யும் வேலை சுழி என்று இயற்பியல் புத்தகம் கூறுகிறது. என் அம்மா தோப்பில் நாள் முழுவதும் முந்திரி சுமக்கிறார். அவர் வேலையே செய்யவில்லையா?”

எனக்கு உடனே விடை தெரியவில்லை. இயற்பியல் ஆசிரியரை அணுகினோம். அவர் பொறுமையாக விளக்கினார். சுமையைத் தாங்கும் விசை மேல்நோக்கியது. நடையோ கிடைத்திசையில் அமைந்தது. இரண்டும் செங்குத்தாக இருப்பதால், தாங்கும் விசையினால் சுமை பெறும் ஆற்றல் ஏதுமில்லை. ஆனால், தாயின் தசைநார்கள் இடைவிடாது சுருங்கி விரிகின்றன. உண்ட உணவின் ஆற்றல் அங்கே வெப்பமாகச் செலவாகிறது. அவர் களைப்பு மெய்யானது. இயற்பியலில் ‘வேலை’ என்பது ஆற்றல் கைமாறுவதன் அளவு; உழைப்பின் மதிப்பன்று.

அன்று அம்மாணவர் முகத்தில் தெளிவைக் கண்டேன். மாணவரை மருட்டுவது கணக்கு மட்டுமன்று. விளக்கப்படாத சொல்லும்தான் என்பதை நானும் உணர்ந்தேன். வேலை, ஆற்றல், திறன், விசை ஆகியவை நாம் நாள்தோறும் வழங்கும் சொற்கள். அறிவியல் அவற்றுக்கு வரையறுத்த பொருளைத் தருகிறது. அந்த வேறுபாட்டைக் கூறாமல் சூத்திரத்தை மட்டும் தந்தால், மாணவர் மனப்பாடம் செய்வார். தேர்வு முடிந்ததும் மறப்பார்.

கண்முன் உள்ள பாடநூல்

இயற்பியலைக் கருத்திலிருந்து தொடங்க வேண்டும். கருத்தைக் கண்முன் உள்ள பொருளிலிருந்து தொடங்க வேண்டும் என்பதே என் துணிபு. அதற்கு நெய்வேலியைவிடச் சிறந்த இடம் அரிது.

1930களில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு தோண்டியபோது நீருடன் கரும்பொருள் வெளிப்பட்டது. 1956இல் நெய்வேலி நிலக்கரி நிறுவனம் உருவாயிற்று. 1957இல் சுரங்கப் பணியைத் தலைமையமைச்சர் நேரு தொடங்கி வைத்தார். 1962இல் அனல்மின் நிலையத்தின் முதல் அலகு இயங்கத் தொடங்கியது.

சுரங்கத்தின் விளிம்பில் நின்று பாருங்கள். வாளிகள் பொருத்திய பெருஞ்சக்கரம் மண்ணை அகழ்கிறது. அச்சிலிருந்து தொலைவில் செயற்படும் விசை எவ்வாறு சுழற்சியைத் தருகிறது என்னும் திருப்புவிசைப் பாடம் அது. நகரும் பட்டையில் மண் வழுக்காமல் செல்வதற்கு உராய்வு துணைநிற்கிறது. நிலக்கரிப் படிவத்தின் அடியில் உள்ள நிலத்தடி நீர் மிகுந்த அழுத்தத்துடன் மேல்நோக்கி உந்துகிறது. அதை இடைவிடாது இறைக்காவிடில் சுரங்கத்தின் தரையே பிளந்துவிடும். ஒவ்வொரு 10 மீட்டர் நீர் உயரமும் ஏறத்தாழ 1 வளிமண்டல அழுத்தத்தைத் தரும் என்னும் எளிய கணக்கு, அங்கே உயிர் காக்கும் கணக்காகிறது.

அகழ்ந்த நிலக்கரி எரிந்து நீரை ஆவியாக்குகிறது. ஆவி சுழலியைச் சுழற்றுகிறது. எரிபொருள் தரும் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே மின்சாரமாகிறது. வெப்பம் முழுவதையும் வேலையாக மாற்றும் எந்திரம் இயலாது என்பதற்கான அடிப்படையை 1824இல் கார்னோ வகுத்தார். சுழலும் காந்தப்புலம் கம்பிச்சுருளில் மின்னோட்டத்தைத் தூண்டுவது, 1831இல் பாரடே கண்ட உண்மை. நிமிடத்துக்கு 3000 முறை, அதாவது நொடிக்கு 50 முறை சுழலும் இருமுனை மின்னாக்கியே நம் வீடுகளுக்கு 50 ஹெர்ட்சு மின்சாரத்தைத் தருகிறது.

தணல் எழுப்பிய வினா

இயக்கவியலும் வெப்பவியலும் மின்காந்தவியலும் இவ்வாறு ஒரே சங்கிலியில் இணைகின்றன. குவாண்டம் கொள்கையோ எங்கோ தொலைவில் இருப்பதாக எண்ணுகிறோம். அதுவும் தணலிலிருந்தே பிறந்தது.

தணல் செந்நிறமாக ஒளிர்கிறது. வெப்பநிலை மிகுந்தால் ஒளி மஞ்சளாகி வெண்மையை நோக்கிச் செல்கிறது. ஏன்? அன்றைய இயற்பியல்படி கணக்கிட்டால், குறைந்த அலைநீளங்களில் எல்லையற்ற ஆற்றல் வெளிப்பட வேண்டும். அடுப்போ அவ்வாறு எரியவில்லை. 1900இல் மாக்ஸ் பிளாங்க், ஆற்றல் சிறுசிறு பொட்டலங்களாகவே பரிமாறப்படுகிறது எனக் கொண்டு இச்சிக்கலைத் தீர்த்தார். 1905இல் ஐன்ஸ்டைன், ஒளியே அத்தகைய பொட்டலங்களாகச் செயற்படுகிறது என்றார். கூரையிலுள்ள சூரிய மின்பலகையும் கையிலுள்ள திறன்பேசியும் இக்கொள்கையின் பயன்களே.

தமிழ் மண்ணில் பிறந்தவர்களும் இவ்வரலாற்றில் பங்கு கொண்டனர். திருச்சிராப்பள்ளி அருகே திருவானைக்காவலில் பிறந்த சர் சி.வி. இராமன், வத்திராயிருப்பில் பிறந்த கே.எஸ். கிருஷ்ணனின் துணையுடன் ஒளிச்சிதறலை ஆராய்ந்து, 1928 பிப்ரவரி 28 அன்று புதிய விளைவைக் கண்டறிந்தார். சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற சந்திரசேகர், 1930இல் இங்கிலாந்துக்குக் கப்பலில் செல்லும்போதே, வெண்குறு விண்மீனின் நிறைக்கு ஓர் எல்லை உண்டு எனக் கணித்தார். அந்த எல்லை சூரியனைப் போல் ஏறத்தாழ 1.4 மடங்கு என இன்று அறிகிறோம்.

மறுப்பும் விடையும்

‘கணிதமின்றிக் குவாண்டம் கொள்கையைக் கூறுவது கதை சொல்வதாகும்’ என்பர் சிலர். அக்கூற்றில் உண்மை உண்டு. குவாண்டம் என்னும் சொல்லைப் பொருளறியாது மந்திரம்போல் வழங்குவோரையும் காண்கிறோம். ஆதலால் கணிதம் கட்டாயம் வேண்டும். ஆனால், வினா முதலில் வரட்டும். கணிதம் விடையாகப் பின்னர் வரட்டும். பசித்தபின் உண்ணும் உணவே உடலில் ஒட்டும்.

புதிய கொள்கை பழையதைப் பொய்யாக்கிவிட்டது என்றும் கருதவேண்டா. சுரங்கத்துச் சக்கரத்துக்கு நியூட்டனின் விதிகள் இன்றும் போதும். அணுவுக்குள் அவை போதா. ஒவ்வொரு கொள்கைக்கும் ஓர் எல்லை உண்டு என அறிதலே அறிவியல் மனப்பான்மை.

அன்று தாய்க்காக வினா எழுப்பிய மாணவர், புத்தகத்தை ஏற்கவும் இல்லை; ஒதுக்கவும் இல்லை. ஐயுற்றார், கேட்டார், தெளிந்தார். அவ்வினாவை ‘பாடத்தைப் படி’ என்று அடக்கியிருந்தால், ஒரு சூத்திரம் அவர் நினைவில் தங்கியிருக்கலாம். இயற்பியல் அவரை விட்டு நீங்கியிருக்கும். வகுப்பறையில் எழும் வினாவுக்கு இடமளிப்பது ஆசிரியர் கடன்; வெட்கமின்றிக் கேட்பது மாணவர் உரிமை.

கற்பவை கற்றபின்

1. வேலை, திறன், ஆற்றல் ஆகிய சொற்கள் பேச்சுவழக்கிலும் இயற்பியலிலும் பெறும் பொருள்களை ஒப்பிட்டு எழுதுக.

2. உங்கள் ஊரில் நிகழும் தொழில் ஒன்றைக் கண்டு, அதில் அமைந்துள்ள இயற்பியல் கருத்துகளைத் தொகுத்து வகுப்பறையில் பேசுக.

3. ‘வினாவே அறிவின் வாயில்’ என்னும் பொருளில் கலந்துரையாடுக.