காவல் பணி கிடைக்கிறது, ஒப்பந்தம் கிடைப்பதில்லை

படைக்கும் நீலகிரிக்கும் உள்ள உறவு பழையது. மெட்ராஸ் ரெஜிமெண்டின் பயிற்சி மையம் வெலிங்டனில் இருக்கிறது. முப்படை அதிகாரிகள் படிக்கும் பணியாளர் கல்லூரியும் ராணுவ மருத்துவமனையும் அங்கேதான். பக்கத்தில் அருவங்காட்டில், நூறாண்டைக் கடந்த வெடிமருந்துத் தொழிற்சாலை. ஆனால், மாவட்டத்தின் மறுகோடியில், கேரளத்தையும் கர்நாடகத்தையும் தொட்டுக்கொண்டிருக்கும் கூடலூரிலிருந்து பார்த்தால் இவையெல்லாம் தொலைவில் இருப்பவை. ஊட்டிக்கே 50 கிலோமீட்டர் மலைப்பாதை. வெலிங்டன் அதற்கும் அப்பால். இந்தக் கோடியில் வாழும் முன்னாள் படைவீரர் ஒருவர், பணிக்காலத்தில் கையையோ காலையோ செவித்திறனையோ இழந்து ஊர் திரும்பினால், அரசு அவரைக் கைவிட்டுவிடுவதில்லை. ஊன ஓய்வூதியம் உண்டு, மருத்துவ உதவி உண்டு, கேண்டீன் அட்டை உண்டு, தேடினால் ஒரு காவலாளி வேலையும் கிடைக்கும். கிடைக்காதது ஒன்றே ஒன்று. அவர் சொந்தமாக ஒரு தொழில் தொடங்கினால், அவரிடமிருந்து அரசு பொருளோ சேவையோ வாங்க வேண்டும் என்று சொல்லும் பொது விதி எதுவும் கிடையாது. மறுவாழ்வு குறித்த நம் சிந்தனையில் உள்ள பெருங்குறை இதுதான் என்று கருதுகிறேன்.

இப்போதுள்ள ஏற்பாடுகளைக் கவனித்தால் ஒரு போக்கு தெரியும். தமிழக அரசு 1986இல் தொடங்கிய டெக்ஸ்கோ, அரசு நிறுவனங்களுக்கு முன்னாள் படைவீரர்களைக் காவல் பணிக்கு அனுப்புகிறது. பல்லாயிரம் குடும்பங்களுக்கு அது சோறு போட்டிருக்கிறது; அதைக் குறைத்துச் சொல்ல முடியாது. மத்திய அரசின் மறுகுடியமர்வு இயக்குநரகமும் பொதுத் துறை நிறுவனங்களுக்குப் பாதுகாப்பு முகமைகளைப் பரிந்துரைக்கிறது. எரிவாயு, பெட்ரோல் முகவாண்மைகளில் பாதுகாப்புப் படைப் பிரிவினருக்கென 8 விழுக்காடு ஒதுக்கீடு நெடுங்காலம் இருந்தது. நிலக்கரிச் சுரங்கப் பகுதிகளில் இன்னொரு திட்டம்: ஊனமுற்ற வீரரோ வீரரின் கைம்பெண்ணோ ஒரு தொகையைக் கட்டி, முன்னாள் படைவீரர் நடத்தும் போக்குவரத்து நிறுவனத்தோடு தன் பெயரில் ஒரு டிப்பர் லாரியை இணைத்துக்கொள்ளலாம், மாதந்தோறும் குறிப்பிட்ட தொகை வரும். இவை ஒவ்வொன்றிலும் நல்லெண்ணம் இருக்கிறது. ஆனால், வீரர் பெரும்பாலும் ஒன்று கூலி பெறுபவராகிறார், அல்லது பெயரைத் தந்து பங்கு பெறுபவராகிறார். உடல் முழு வலுவோடு இருப்பவருக்கே காவல் பணி பொருந்தும் என்பதால், கடுமையான ஊனமுற்றவருக்கு அந்த முதல் வழியும் அடைபடுகிறது. முப்பது வயதில் மருத்துவக் குழுவின் முடிவால் வெளியே அனுப்பப்பட்ட ஒருவருக்கு முன்னே இன்னும் முப்பதாண்டு உழைப்பு இருக்கிறது. பேரம் பேசவும், ஆள் அமர்த்தவும், நேரத்துக்கு வேலை முடித்துக் கொடுக்கவும் படை அவருக்குக் கற்றுக்கொடுத்த ஒழுங்கு மிச்சமிருக்கிறது. அதற்கு இந்தத் திட்டங்களில் வேலையே இல்லை.

கடன் தருவதில் அரசு தாராளமாகத்தான் இருக்கிறது. பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டத்தில் முன்னாள் படைவீரர்களும் மாற்றுத்திறனாளிகளும் சிறப்புப் பிரிவினர்; மானியம் நகரத்தில் 25, கிராமத்தில் 35 விழுக்காடு. தமிழக அரசு 2024 சுதந்திர நாளில் அறிவித்து, அடுத்த ஆண்டு தொடங்கிய ‘முதல்வரின் காக்கும் கரங்கள்’ திட்டம் முன்னாள் படைவீரருக்கு ஒரு கோடி ரூபாய் வரை கடனும், 30 விழுக்காடு முதலீட்டு மானியமும், 3 விழுக்காடு வட்டி மானியமும் தருகிறது. சரி, தொழில் தொடங்கியாயிற்று, வாங்குவது யார்? இங்கேதான் அரசு ஒதுங்கிக்கொள்கிறது. மத்திய அரசின் 2012ஆம் ஆண்டுப் பொதுக் கொள்முதல் கொள்கை, அமைச்சகங்களும் பொதுத் துறை நிறுவனங்களும் தங்கள் ஆண்டுக் கொள்முதலில் ஒரு பகுதியைக் குறு, சிறு நிறுவனங்களிடம் வாங்க வேண்டும் என்கிறது. 20 விழுக்காடாக இருந்த அந்த அளவு 2018இல் 25 ஆனது. அதற்குள் பட்டியல் சாதி, பழங்குடித் தொழில்முனைவோருக்கு 4 விழுக்காடு, பெண்களுக்கு 3 விழுக்காடு. ஊனமுற்ற வீரருக்கோ பொதுவாக மாற்றுத்திறனாளிக்கோ உள்ஒதுக்கீடு இல்லை. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 37ஆம் பிரிவு, தொழில் தொடங்கச் சலுகை விலையில் தரும் நிலத்தில் 5 விழுக்காடு ஒதுக்கச் சொல்கிறது. கொள்முதல் பற்றிப் பேசவில்லை. கடன் கொடுக்கும்போது ஒருவரைச் சிறப்புப் பிரிவினர் என்று அடையாளம் காணும் அரசு, சரக்கு வாங்கும்போது அவரைக் காணாமல் விடுகிறது. வாங்க ஆளில்லாமல் தரும் கடன் அவரை வாராக்கடன் பட்டியலில் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்கே அதிக வாய்ப்பு.

கூடலூர் போன்ற ஊரில் இது பெருநகரத்தைவிடக் கூர்மையான சிக்கல். இங்கே பெரிய தனியார் தொழிற்சாலைகள் இல்லை. எஸ்டேட்டுகளை விட்டால் பெரிய வாடிக்கையாளர் அரசுதான். கூடலூர், நெல்லியாளம் நகராட்சிகள், தேவர்சோலை, ஓவேலி பேரூராட்சிகள், அரசு மருத்துவமனை, மின்வாரியம், நெடுஞ்சாலைத் துறை, முதுமலைப் புலிகள் காப்பகம், பந்தலூர் பக்கம் அரசுத் தேயிலை நிறுவனமான டான்டீயின் கோட்டங்கள், சிறு விவசாயிகளின் கூட்டுறவுத் தேயிலை ஆலைகள் என்று வாங்குவோர் பட்டியல் நீளும். ஒவ்வொரு மழைக்கும் சரியும் மண்ணுக்குத் தடுப்புச் சுவர் வேண்டும், பச்சைத் தேயிலை ஏற்ற வண்டி வேண்டும், குப்பை அகற்ற ஆள் வேண்டும், நெகிழிப் புட்டிக்கு மாற்றாக வைத்த தண்ணீர் ஏடிஎம்களைப் பழுது பார்க்க வேண்டும், கக்கநல்லா, நாடுகாணி சோதனைச் சாவடிகளில் கணினி இயக்க வேண்டும். இவற்றில் பலவற்றை நடத்த இரண்டு காலும் தேவையில்லை. கணக்கும் கண்டிப்பும் போதும். ஆனால், மத்தியக் கொள்கை மாநிலத் துறைகளையும் உள்ளாட்சிகளையும் கட்டுப்படுத்தாது. மேலும் அது கட்டுமானப் பணி ஒப்பந்தங்களுக்குப் பொருந்தாது. வாங்கி விற்கும் வணிகர்களுக்கும் பொருந்தாது. மலைப்பகுதியில் அரசுப் பணத்தின் பெரும்பங்கு சாலைக்கும் சுவருக்கும் போகிறது என்பதை நினைத்தால், அந்த 25 விழுக்காட்டில் கூடலூருக்கு வந்து சேர்வது சொற்பமே.

இதைவிடப் பெரிய தடை நிலத்தில் இருக்கிறது. நிலம்பூர் கோவிலகத்தின் ஜென்ம நிலங்கள் ஏறத்தாழ 80,000 ஏக்கரை அரசுடைமையாக்க 1969இல் கூடலூர் ஜென்ம எஸ்டேட் ஒழிப்புச் சட்டம் வந்தது. அந்தச் சட்டத்தையொட்டி எழுந்த வழக்குதான் அரசமைப்பின் ஒன்பதாவது அட்டவணை குறித்த 2007ஆம் ஆண்டின் புகழ்பெற்ற தீர்ப்புவரை சென்றது. சட்ட வல்லுநர்களுக்கு அது ஒரு மைல்கல். கூடலூர்க்காரருக்கோ, தலைமுறைகளாகக் குடியிருக்கும் மண்ணுக்கு இன்றும் பட்டா இல்லை என்பதுதான் அதன் பொருள். அந்தச் சட்டத்தின் பிரிவு 17இல் வரும் நிலம் என்று சொன்னால் வங்கி மேலாளர் கோப்பை மூடிவிடுவார். ஒப்பந்ததாரராகப் பதிவு செய்யச் சொத்து மதிப்புச் சான்று கேட்கிறார்கள். தாசில்தார் அதைக் கொடுக்கப் பட்டா கேட்கிறார். வங்கி உத்தரவாதத்துக்கு அடமானம் வேண்டும். அதற்கும் பட்டா வேண்டும். ஆக, நாளைக்கே 3 விழுக்காடோ 5 விழுக்காடோ ஒதுக்கீடு அறிவித்தாலும், சமவெளியில் சொத்துள்ள முன்னாள் படைவீரர் அதை எடுத்துக்கொள்வார். கூடலூர்க்காரர் பதிவேட்டுக்கு வெளியிலேயே நிற்பார். ஒதுக்கீட்டு அளவைப் பற்றி மட்டும் பேசுகிறவர்கள் கவனிக்கத் தவறுவது இந்த வாசலைத்தான். படைப்பணியில் ஊனமுற்றவருக்குச் சொத்துச் சான்றுக்கு மாற்றாக அவரது ஓய்வூதிய ஆணையை ஏற்கலாம். ஆயுள் முழுதும் மாதந்தோறும் அரசே செலுத்தும் வருவாய் அது. பத்து லட்சம் ரூபாய்க்குட்பட்ட வேலைக்கு இதைவிட நம்பகமான அத்தாட்சி எது?

இலக்கு மட்டும் வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்க அனுபவம் நல்ல சான்று. பணியில் ஊனமுற்ற வீரர்களின் சிறு நிறுவனங்களுக்குக் கூட்டாட்சி அரசின் ஒப்பந்தங்களில் 3 விழுக்காடு என்று 1999இல் அங்கே சட்டம் இயற்றினார்கள். இலக்கு முதன்முதலாக எட்டப்பட்டது 2012ஆம் நிதியாண்டில். பதின்மூன்று ஆண்டுகள்! 1999 சட்டம் எண்ணைச் சொன்னதே தவிர, கொள்முதல் அதிகாரியின் கையில் கருவி எதையும் தரவில்லை. இவர்களுக்குள் மட்டும் டெண்டர் விடவும், குறிப்பிட்ட வரம்புக்குள் நேரடியாக வாங்கவும் 2003 சட்டம் அதிகாரம் கொடுத்த பிறகே நிலைமை நகர்ந்தது. அதன் பிறகும், அந்நாட்டின் முன்னாள் படைவீரர் நலத் துறையே, ஆண்டு இலக்கை முடித்துவிட்டால் மேற்கொண்டு முன்னுரிமை தர வேண்டியதில்லை என்று வாதிட்டது. கிங்டம்வேர் என்ற நிறுவனத்தின் வழக்கில் 2016இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அதை நிராகரித்தது: வீரர்களின் தகுதியுள்ள இரு நிறுவனங்களாவது நியாய விலையில் போட்டியிடும் என்று எதிர்பார்க்க முடிந்தால் அந்தத் துறை முன்னுரிமை தந்தே ஆக வேண்டும். பின்னர் இலக்கே 5 விழுக்காடாக உயர்த்தப்பட்டது. நம் நாட்டிலும் இதே பாடம் இருக்கிறது. பட்டியல் சாதி, பழங்குடியினருக்கான 4 விழுக்காடு பெரும்பாலான ஆண்டுகளில் எட்டப்படாமலே போகிறது. ஆனால், கூடலூரிலிருந்து எல்லை தாண்டினால் வரும் கர்நாடகம், 2017 முதல் குறிப்பிட்ட மதிப்புக்குட்பட்ட பணி ஒப்பந்தங்களில் ஒரு பங்கை அந்தப் பிரிவினருக்கே ஒதுக்குகிறது; 50 லட்சமாக இருந்த வரம்பு 2023இல் ஒரு கோடியானது. எந்த வேலை, எவ்வளவு மதிப்பு, யாருக்கு என்று டெண்டர் அறிவிப்பிலேயே எழுதியிருந்தால் அதிகாரி தட்டிக்கழிக்க வழியில்லை.

பினாமிகள் புகுந்துவிடுவார்கள் என்பது முதலில் எழும் மறுப்பு. அது வெறும் சாக்கு அல்ல. அமெரிக்காவின் தணிக்கை அலுவலகம் 2009இல் ஆராய்ந்த பத்து நிறுவனங்கள் மட்டும், தகுதியில்லாமலோ வேலையை வேறு பெருநிறுவனங்களுக்குக் கைமாற்றியோ சுமார் 10 கோடி டாலர் ஒப்பந்தங்களைப் பெற்றிருந்தன. வீரரின் பெயரை வாடகைக்கு எடுக்கும் பழக்கம் நம் முகவாண்மைகளிலும் புதிதல்ல. என்றாலும், பினாமிக்கு இடம் கொடுப்பது வீரரைப் பெயரளவு உரிமையாளராக வைக்கும் ஏற்பாடுகள்தான். 51 விழுக்காடு பங்கு அவரிடம் இருக்க வேண்டும், அன்றாட நிர்வாகம் அவர் கையில் இருக்க வேண்டும், சேவை ஒப்பந்தத்தில் பாதிக்கு மேல் வெளியே கொடுக்கக் கூடாது என்ற நிபந்தனைகளை அங்கே வகுத்தார்கள். 2023 தொடக்கம் முதல், சான்றளிக்கும் பொறுப்பைச் சிறுதொழில் நிர்வாகத்திடம் ஒப்படைத்தார்கள். சிறிய மாவட்டம் ஒன்றில் இதைச் சரிபார்ப்பது இன்னும் எளிது. ஊட்டியில் உள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் ஒவ்வொருவரின் பணிப் பதிவும் இருக்கிறது. மாவட்டத் தொழில் மையமும் அதே ஊரில். ஆண்டுக்கொருமுறை பணியிடத்துக்கே சென்று பார்க்க இரண்டு அலுவலகங்களும் சேர்ந்தால் போதும்.

இரண்டாவது மறுப்பு எனக்குக் கனமானது. கூடலூரில் கை தூக்கிவிட வேண்டியவர் படைவீரர் மட்டுந்தானா? பணியரும் காட்டுநாயக்கரும் குறும்பரும் இருக்கிறார்கள். 1964 ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து அனுப்பப்பட்ட மலையகத் தமிழர்கள் இருக்கிறார்கள். ராணுவத்துக்கே போகாத மாற்றுத்திறனாளிகள் இருக்கிறார்கள். இவர்களில் பலருக்கு இல்லாத உரிமை சீருடை அணிந்தவருக்கு மட்டும் ஏன்? என் விடை, உரிமையைப் படைவீரரோடு நிறுத்தக் கூடாது என்பதே. ஒதுக்கீடு மாற்றுத்திறனாளித் தொழில்முனைவோர் அனைவருக்குமாக இருக்கட்டும். படைப்பணியில் ஊனமுற்றவர் அதற்குள் வரட்டும். ஒரு திருத்தம் மட்டும் தேவை: மாற்றுத்திறனாளிச் சட்டத்தின் பயன்களுக்கு 40 விழுக்காடு ஊனம் வேண்டும், படையிலோ 20 விழுக்காட்டிலிருந்தே ஊன ஓய்வூதியம் கணக்கிடப்படுகிறது. இடையில் சிக்கியவரை ராணுவம் ஊனமுற்றவர் என்று வீட்டுக்கு அனுப்பும், குடிமைச் சட்டம் இல்லை என்று திருப்பி அனுப்பும். ராணுவ மருத்துவக் குழுவின் சான்றே போதுமென்று ஏற்க வேண்டும். தாயகம் திரும்பியோரின் கதையும் இந்த வாதத்துக்குத் துணை நிற்கிறது. அவர்களுக்காகவே டான்டீ உருவானது. வேலை கிடைத்தது, வீடு கிடைத்தது, மண்ணில் உரிமை கிடைக்கவில்லை. 2022இல் டான்டீ நிலத்தின் ஒரு பகுதியை வனத் துறையிடம் ஒப்படைக்க அரசு முடிவெடுத்தபோது, தலைமுறைகளாக உழைத்தவர்கள் கையில் கோரிக்கை மனுவைத் தவிர வேறு ஆதாரம் இருக்கவில்லை. கூலியை மட்டும் தரும் மறுவாழ்வு எவ்வளவு பலவீனமானது என்று இந்த மலைக்குத் தெரியும்.

செலவு கூடும், தரம் குறையும் என்ற அச்சங்களுக்கு நீண்ட பதில் வேண்டியதில்லை. மத்தியக் கொள்கையில், மிகக் குறைந்த விலையைவிட 15 விழுக்காடு வரை கூடுதலாகக் கேட்ட சிறு நிறுவனம், அந்தக் குறைந்த விலைக்கே இறங்கி வந்தால்தான் பங்கு பெறும். கருவூலத்துக்குக் கூடுதல் செலவு கிடையாது. முன்அனுபவம், விற்றுமுதல் நிபந்தனைகளில் சலுகை தரலாம் என்றும், தரத்தில் சலுகை இல்லை என்றும் 2016 முதலே விதி இருக்கிறது. அதே முறையை மாநிலத் துறைகளும் பின்பற்றலாம். ஓய்வூதியம்தான் கொடுக்கிறோமே என்பவர்கள், அது இழந்த உறுப்புக்கான ஈடு என்பதை நினைவில் கொள்ள வேண்டும்; எஞ்சிய உழைப்புக்கு வாய்ப்பு தருவது வேறு கடமை.

எங்கிருந்து தொடங்குவது? நீலகிரியில் தொடங்கலாம். கூடலூர், நெல்லியாளம் நகராட்சிகளும் டான்டீயும் கூட்டுறவுத் தேயிலை ஆலைகளும் தங்கள் ஆண்டுக் கொள்முதலில் பத்து லட்சத்துக்குட்பட்ட சேவைப் பணிகளையும் சிறு பராமரிப்பு வேலைகளையும் தனியே பட்டியலிட்டு, ஒரு பங்கை மாற்றுத்திறனாளித் தொழில்முனைவோருக்கென அறிவிக்கட்டும். பதிவுக்குப் பட்டா கேட்க வேண்டாம், முன்வைப்புத் தொகை வேண்டாம். ஆண்டு முடிவில் யாரிடம் எவ்வளவு வாங்கினோம் என்பதை ஒவ்வொரு துறையும் பெயர் வாரியாக வெளியிட வேண்டும். அந்தப் பட்டியலே பினாமிக்கும் தடை, சோம்பலுக்கும் தடை. இவற்றோடு, வேலை முடிந்ததும் பில் தொகை நேரத்தில் வர வேண்டும். சிறு நிறுவனத்துக்கு 45 நாட்களுக்குள் பணம் தராவிட்டால் வங்கி விகிதத்தைப் போல் மும்மடங்கு கூட்டு வட்டி என்று 2006ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. ஆனால், அடுத்த வேலை போய்விடுமோ என்ற பயத்தில் அரசுத் துறையிடம் வட்டி கேட்கச் சிறு ஒப்பந்ததாரர் துணிவதில்லை. கேட்காமலே அந்த வட்டி பில்லோடு சேர்ந்து வரவும், அது தாமதப்படுத்திய அலுவலகத்தின் கணக்கிலேயே பற்று வைக்கப்படவும் ஏற்பாடு செய்தால், முதல் ஒப்பந்தத்தை முடித்தவர் இரண்டாவதற்கும் விண்ணப்பிப்பார்.