விரல் அறிந்த பொத்தான்

காட்பாடி காந்தி நகரில் ஓர் இல்லம். மார்கழி மாதத்து விடியற்காலை. ரயில் நிலையத்திலிருந்து புறப்படும் வண்டிகளின் ஒலி பனியினூடே கேட்கிறது. எண்பதை நெருங்கும் மூதாட்டி ஒருவர் நீராடிவிட்டுப் பூஜை அறைக்கு வருகிறார். விளக்கேற்றியதும் சுப்ரபாதம் ஒலிக்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் வழக்கம். பழைய டேப் ரெக்கார்டர் பழுதான பின்னர், மகன் அன்புடன் வாங்கித் தந்த தொடுதிரைக் கைப்பேசிதான் துணை.

ஈர விரலைத் திரையில் வைக்கிறார், அசைவில்லை. மீண்டும் வைக்கிறார், வேறெதுவோ திறந்துகொள்கிறது. மூன்றாம் முறை, பாடலுக்கு முன்னதாக விளம்பரம் ஒன்று உரத்த குரலில் வீட்டையே எழுப்பிவிடுகிறது. உறக்கம் கலைந்து வந்த மகன், "எத்தனை முறை சொல்லிக் கொடுத்தாயிற்று, அம்மா!" என்கிறார். அச்சொல்லில் சினம் இல்லை, அலுப்பு மட்டுமே. ஆயினும் மறுநாள் முதல் அம்மூதாட்டி கைப்பேசியைத் தொடவில்லை. விளக்கு எரிந்தது, சுப்ரபாதம் ஒலிக்கவில்லை.

குறை அவருடைய அறிவில் இல்லை. இன்றைய தொடுதிரை அழுத்தத்தை உணர்வதில்லை. விரல் நெருங்கும்போது திரையின் மின்புலத்தில் தோன்றும் சிறு மாற்றத்தையே அது உணர்கிறது. நீர் பட்டால் அக்கணக்குத் தடுமாறும். முதுமையில் வறண்டு போன தோலும், உழைத்துக் காய்த்துப் போன விரலும் சில வேளைகளில் திரைக்குப் புலப்படுவதில்லை. ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டைப் பகுதிகளின் தோல் தொழிற்கூடங்களில் ஆண்டுக்கணக்கில் உழைத்த கைகளை உடையவர்கள் இத்துன்பத்தை நன்கறிவர். மேலும், திரை வழவழப்பானது. எல்லா இடமும் ஒன்றுபோலவே இருக்கும். எனவே கண்ணால் கண்டே தொட வேண்டும். பொத்தானோ விரலுக்குத் தன் இடத்தைத் தானே சொல்லும். அழுந்தியதும் 'டக்' என்று விடையும் தரும். பழைய கைப்பேசிகளில் 5 என்னும் எண்ணின்மேல் சிறு புள்ளி ஒன்று புடைத்திருக்கும். அதன் பயனை அறியாமலே அதனால் பயனடைந்தோர் எத்தனையோ பேர்.

எம்.எஸ். சுப்புலட்சுமி அம்மையார் பாடிய வேங்கடேச சுப்ரபாத இசைத்தட்டு 1963இல் வெளிவந்தது. அதே ஆண்டில்தான் பிலிப்ஸ் நிறுவனம் சிறிய ஒலிநாடாப் பேழையை, அதாவது கேசட்டை, உலகுக்கு அறிமுகம் செய்தது. பின்னாளில் அவ்விரண்டும் சேர்ந்தே தமிழகத்தின் வீடுதோறும் புகுந்தன. இருளிலும் தடவி அழுத்தக்கூடிய ஒற்றைக் கட்டை போதுமானதாக இருந்தது.

பொத்தானைக் கைவிட்டவர்கள் அதனிடமே திரும்பி வந்த வரலாறும் உண்டு. ஆப்பிள் நிறுவனம் 2001இல் வெளியிட்ட ஐபாட் கருவியில் சுழலும் சக்கரமும் அதைச் சுற்றிப் பொத்தான்களும் இருந்தன. 2003இல் வந்த வடிவத்தில் அழுந்தும் பொத்தான்கள் நீங்கி, தொட்டால் இயங்கும் பொத்தான்கள் இடம்பெற்றன. மறு ஆண்டே, அழுத்தினால் அழுந்தும் சக்கரம் வந்துவிட்டது. 2009இல் ஐபாட் ஷஃபிள் என்னும் சிறு கருவியிலிருந்து இயக்கும் பொத்தான்களை நீக்கினர். 2010இல் அவற்றை மீண்டும் பொருத்தினர்.

நம் நாட்டிலும் இதற்கோர் எடுத்துக்காட்டு உண்டு. முன்னர் கிராமபோன் கம்பெனி என்று அறியப்பட்ட சரிகம நிறுவனம், 2017இல் கார்வான் என்னும் பெட்டியை வெளியிட்டது. கைப்பேசியிலேயே உலகத்து இசையெல்லாம் கிடைத்த காலம் அது. ஆயினும் பழைய வானொலிப் பெட்டியின் தோற்றமும், திருகும் குமிழும், அழுத்தும் பொத்தான்களும், உள்ளே ஐயாயிரம் பாடல்களும் கொண்ட அப்பெட்டியைப் பிள்ளைகள் பெற்றோருக்குப் பரிசாக வாங்கிச் சென்றனர். தமிழ்ப் பதிப்பும் பின்னர் வந்தது.

இது இசைக்கருவிக்கு மட்டும் உரிய செய்தி அன்று. 2017இல் சிங்கப்பூர் அருகே அமெரிக்கப் போர்க்கப்பல் ஒன்று எண்ணெய்க் கப்பலுடன் மோதியதில் மாலுமிகள் 10 பேர் உயிரிழந்தனர். கப்பலைச் செலுத்தும் தொடுதிரை அமைப்பு குழப்பத்துக்கு இடமளித்ததும் விசாரணையில் வெளிப்பட்டது. கைப்பிடிகளையே மீண்டும் பொருத்த அக்கடற்படை முடிவு செய்தது. தொழிற்சாலை இயந்திரங்களில் ஆபத்துக் காலத்தில் அழுத்தும் சிவப்புப் பொத்தான் காளான்போல் பெரிதாகப் புடைத்திருப்பதும், பாராமலே கை அதை எட்ட வேண்டும் என்பதற்காகவே.

தொடுதிரையைப் பழிப்பது முறையன்று. எழுத்தைப் பெரிதாக்கிக் காட்டவும், வேண்டிய திருப்புகழைப் பெயர் சொல்லித் தேடவும், கண்பார்வையற்றோர்க்குத் திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லவும் அதனால் இயலும். தேடுவதற்குத் திரை உதவும். நாள்தோறும் ஒரே நேரத்தில் ஒரே பாடலைக் கேட்பதற்குப் பொத்தானே போதும். முதியோருக்குக் கருவி வாங்குவோர் புதுமையையும் விலையையும் பார்ப்பதோடு நில்லாது, அவர்களையே கடைக்கு அழைத்துச் சென்று, ஒருமுறை கண்ணை மூடிக்கொண்டு இயக்கிப் பார்க்கச் சொல்லுதல் நலம். பிறரை எழுப்பாமல், எவரையும் வேண்டாமல் தம் வழிபாட்டைத் தாமே நடத்துவது முதுமையில் பெரிய செல்வம். அது பறிபோவதை அவர்கள் வாய்விட்டுச் சொல்வதில்லை.

காந்தி நகர் இல்லத்திலும் சில நாள் கழித்தே மகன் அம்மௌனத்தை உணர்ந்தார். பொத்தான்கள் உள்ள சிறு பாட்டுப்பெட்டி ஒன்றை வாங்கி வந்தார். பாடலைத் தொடங்கும் பொத்தானின்மேல் ஒட்டும் பொட்டு ஒன்றை ஒட்டினார். அன்னையின் விரலைப் பிடித்து அதன்மேல் ஒருமுறை வைத்தார். அவ்வளவே பாடம்.

மறுநாள் விடியலில், வீட்டார் உறக்கம் கலையாதபடி தாழ்ந்த ஒலியில் சுப்ரபாதம் எழுந்தது. மகன் விழித்துக்கொண்டுதான் இருந்தார். எழுந்து செல்ல வேண்டிய தேவை இருக்கவில்லை, படுத்தபடியே கைகூப்பினார்.