நஞ்சும் ‘கிஃப்ட்’தான்

பழைய ஜெர்மன் மருந்துக்கடைக் குப்பிகளில் மண்டையோட்டுப் படம் போட்டு, கொட்டை எழுத்தில் ‘கிஃப்ட்’ என்று அச்சிட்டிருப்பார்கள். உள்ளே இருப்பது நஞ்சு. ஆங்கிலத்தில் பிறந்தநாளுக்குக் கொடுக்கிறோமே, அதே கிஃப்ட்தான், ஓரெழுத்துகூட மாறவில்லை. டென்மார்க், நார்வே, சுவீடன் பக்கம் போனால் நஞ்சுக்கும் இதுதான், ‘மணமானவர்’ என்பதற்கும் இதுதான். சுவீடன்காரர்களும் நார்வேக்காரர்களும் இதை ‘யிஃப்ட்’ என்று உச்சரிப்பார்கள்.

எல்லாவற்றுக்கும் வேர் ‘கொடு’ என்ற வினை. கிரேக்க மருத்துவர்கள் ஒரு வேளைக்குக் கொடுக்கும் மருந்தை ‘டோசிஸ்’, அதாவது ‘கொடுப்பது’, என்றார்கள். இரண்டு டோஸ் தடுப்பூசி என்று நாம் சொல்வதும் அந்தச் சொல்லைத்தான். லத்தீன் வழியாக அது வந்தபோது ஜெர்மானியர் தங்கள் ‘கிஃப்ட்’டுக்கும் அந்தப் பொருளை ஏற்றினார்கள். பிறகு, உயிரைக் குடிக்கும் மருந்தை நஞ்சு என்று வாய்விட்டுச் சொல்லக் கூசி, ‘கொடுத்தது’ என்றே சொல்லிவைத்தார்கள். மங்கல வழக்கு! நாளடைவில் ஜெர்மனில் பரிசு என்ற பொருள் செத்து, நஞ்சு மட்டும் நிலைத்தது. சீதனத்தைக் குறிக்கும் ‘மிட்கிஃப்ட்’டில் மட்டும் பழைய பொருள் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பிரெஞ்சு மானுடவியலாளர் மார்செல் மோஸ் 1924இல் இந்த ஒரு சொல்லுக்காகவே கட்டுரை எழுதினார். பழைய ஜெர்மானியரிடம் கொடைகளில் தலையாயது பானம், கொடுத்த கிண்ணத்தில் நஞ்சும் இருக்கலாம் என்பது அவர் வாதம். எனக்கு டோஸ் விளக்கமே வலுவாகப் படுகிறது.

கல்யாணத்தையும் விஷத்தையும் முடிச்சுப்போடும் துணுக்குகளுக்கு டென்மார்க், நார்வே, சுவீடன் பக்கம் பஞ்சமில்லை. எனக்குச் சிரிப்பு வருவதில்லை. ‘பெண் கொடுத்திருக்கிறோம்’ என்கிறோமே, அந்தக் ‘கொடு’தான் ‘மணமானவர்’ என்ற பொருளிலும் இருக்கிறது. பழைய ஆங்கிலத்திலும் இந்தச் சொல் பெண்ணுக்குப் போடும் பரிசத்தைக் குறித்தது. சுவீடனின் 1734ஆம் ஆண்டுச் சட்டத்தில் ‘யிஃப்டொமன்’ என்று ஒருவர் வருவார். பெண்ணைக் கொடுக்கும் உரிமை உள்ள ஆண். தகப்பன், அவர் இல்லாவிட்டால் நெருங்கிய உறவுக்காரர். அவர் சம்மதம் இல்லாமல் அவளுக்குத் திருமணம் கிடையாது. வயது வந்த பெண் தன் விருப்பப்படி மணந்துகொள்ள 1872 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அந்தப் பெண்களில் எத்தனை பேர் யாருக்குக் கொடுக்கப்படுகிறோம் என்பதே தெரியாமல் போனார்களோ! இன்று அங்கே கணவனும் யிஃப்ட், மனைவியும் யிஃப்ட். படிவத்தில் இருவரும் ஒரே கட்டத்தில்தான் குறி போடுகிறார்கள். விஷத் துணுக்கை யாராவது என்னிடம் சொன்னால், பதிலுக்கு யிஃப்டொமனைப் பற்றிச் சொல்கிறேன்.